அக்கா வீட்டுக்கு நாயோடு போனது

எனக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதிலிருந்து இருந்த பயம் இல்லை. இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு தை மாதத்தில், பிரான்சின் கலே துறைமுகத்தில், ஒரு பிற்பகல் வேளையில் பிடித்துக்கொண்ட பயம்.

அப்போது நான் பாரிஸுக்கு வந்து ஆறு கிழமை கூட ஆகவில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் ஓர் அறையில் ஏழு பேரோடு இருந்தேன். பிரான்சில் தங்குகிற எண்ணம் எனக்கு இல்லை. லண்டனில் என் அக்கா இருந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்குப் பதின்மூன்று வயதானபோது கலியாணம் கட்டி லண்டன் போனவர். அதற்குப் பிறகு நான் அவரைக் கண்டதில்லை. தொலைபேசியில் குரல் மட்டும்தான். அக்காவிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

ஓடு ஏற்றிய லொறி ஒன்றின் பின்பக்கத்தில், பலகைப் பெட்டிகளுக்கு நடுவே என்னையும் இன்னும் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார்கள். கலேக்கு வந்து வரிசையில் நின்றபோது லொறியை மூடியிருந்த படங்குக்கு வெளியே சனங்களின் சத்தம் கேட்டது. பிறகு சத்தங்கள் எல்லாம் ஓய்ந்து ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. படங்கின் அடியில் மூக்கை வைத்து இழுத்து இழுத்து மோந்த சத்தம். எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி கூட இருக்காது. நான் மூச்சை அடக்கினேன். அது குரைத்தது. ஒரே ஒரு தடவைதான். அது போதுமாக இருந்தது.

அடுத்த நாள் பொலிஸ்காரர்கள் ஒரு கடதாசியைத் தந்து வெளியே விட்டார்கள். நான் திரும்பி லா சப்பலுக்கு வந்தேன். மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அண்ணை என்னைக் கண்டதும், "என்ன, போகேல்லையோ?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "சரி விடும். இஞ்சையே கேஸைப் போடும். இஞ்சையும் மனிசர்தான் இருக்கினம்" என்றார். அன்றைக்கே கடையில் மூட்டை இறக்குகிற வேலை தந்தார். அகதி விண்ணப்பம் எழுத ஆளைக் காட்டியதும் அவர்தான். இரண்டு வருடத்தில் எனக்கு வதிவிட உரிமை கிடைத்தது. அந்த வருடமே கலியாணம். மனைவி பாரிஸ் புறநகரான பொண்டியில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை செய்கிறாள். மகள் பிறந்தாள். நாங்களும் பொண்டியிலேயே ஒரு சின்ன வீட்டில் இருந்துவிட்டோம்.

ஆனால் நாய்ப்பயம் போகவில்லை. தெருவில் யாரும் நாயோடு வந்தால் மற்றப் பக்கம் கடந்துவிடுவேன். மனைவி சிரிப்பாள். கலேயில் பிடிபட்டேன் என்று அவளுக்குத் தெரியும். எப்படிப் பிடிபட்டேன் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறில் அவளோடு வேலை செய்த ஒரு பெண் தெற்கே வீடு மாறினாள். புது வீடு சரியாகும் வரைக்கும் இரண்டு கிழமைக்கு நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். மனைவி என்னைக் கேட்காமல் ஓம் என்று சொல்லிவிட்டாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன், மண்ணிறமும் வெள்ளையும் கலந்த ஒரு பெட்டை நாய், ஒரு காது மடிந்தபடி, சப்பாத்து வைக்கிற இடத்தில் படுத்திருக்கிறது. நான் வாசலிலேயே நின்றேன்.

"இரண்டு கிழமைதானப்பா" என்றாள்.

இரண்டு கிழமை மாதமாகியது. அந்தப் பெண் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டாள். நாய் மட்டும் ஒவ்வொரு நாள் பின்னேரமும் கதவடியில் போய் இருந்து காத்திருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முதன்முதலில் மனம் ஒரு மாதிரியாகியது. கிட்டப் போகவில்லை. ஆனால் தண்ணீர்க் கோப்பையைக் காலால் தள்ளி அதன் பக்கத்தில் வைத்தேன்.

மனைவி அதோடு தமிழில் கதைத்தாள். "இரு", "வா", "சாப்பிடு", "அங்கை போகாதை". அது மூன்று கிழமையில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. நாங்கள் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவாள். நாயோடு மட்டும் தமிழில் கதைக்கத் தொடங்கினாள். "ஏன் நீ அதோடை தமிழிலை கதைக்கிறாய்?" என்று ஒரு நாள் கேட்டேன். அதற்குப் பிரெஞ்சு விளங்காது, பாவம் என்று எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள். அந்தக் கிழமை நான் நாயின் தலையில் முதல் தடவையாகக் கை வைத்தேன்.

ஒருமுறை பக்கத்து வீட்டில் அதை இரண்டு நாள் விட்டுவிட்டு நாங்கள் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போனோம். திரும்பி வந்தபோது அது ஒரு வாய் கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. "ஒருக்கா விட்டிட்டுப் போனவை எண்டு அதுக்குத் தெரியும். இனி விடக்கூடாது" என்றாள் மனைவி. அதற்குப் பிறகு நாங்கள் அதை எங்கேயும் விட்டுவிட்டுப் போகவில்லை.

இதற்கிடையில் அக்காவைப் பார்க்க இரண்டு முறை விசாவுக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. அக்காவாலும் வரமுடியவில்லை. அத்தானுக்குக் கிழமைக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. அவரை விட்டு ஒரு நாள் கூட அக்கா நகரவில்லை. இரண்டாயிரத்துப் பத்தொன்பது மாசியில் அத்தான் இறந்தார். செத்தவீட்டை நான் தொலைபேசியில்தான் பார்த்தேன். எனக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு கையில் வந்தது ஆடி மாதம்.

"உடனை வாறன் அக்கா" என்றேன்.

"இப்ப வேண்டாம். எனக்கு முழங்காலிலை ஒப்பரேசன் இருக்கு. அது முடிஞ்சு ஐப்பசியிலை வா. பிள்ளைக்கும் பள்ளிக்கூட லீவு வரும்."

"நாயும் வருமக்கா."

"சாமியறை இருக்கிற வீடடா இது. பின் வளவிலை ஒரு கொட்டில் இருக்கு. அதிலை கட்டலாமெண்டால் கொண்டு வா" என்றார்.

ரயிலில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்று விசாரித்ததில் தெரிந்தது. காரில் கலேக்குப் போய்க் கப்பலில் ஏறலாம். அதற்கு நாய்க்கும் கடவுச்சீட்டு வேண்டும். பொண்டியில் மிருக வைத்தியரிடம் போனோம். கழுத்தடித் தோலுக்குள் மைக்ரோசிப் என்கிற இலக்கச் சில்லு இருக்கிறதா என்று பார்த்தார். விசர்நாய்த் தடுப்பூசி போட்டார். மேசை இலாச்சியைத் திறந்து நீல நிறப் புத்தகம் ஒன்றை எடுத்து, நாயின் நிறம், வயது எல்லாம் எழுதி, முத்திரை குத்தி என் கையில் தந்தார். இருபது நிமிடம் கூட ஆகவில்லை. லா சப்பல் அண்ணையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"எங்கை பிறந்தது, ஏன் வந்தது எண்டு ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"கொடுத்து வைச்ச சீவன்" என்று சொல்லி, நாய்க்கென்று ஒரு பிஸ்கற் பெட்டியும் எங்களுக்கு வழியில் கொறிக்க மிக்ஸரும் தந்தார். அந்த மனிதர் அன்றைக்கும் கணக்குப் பார்த்ததில்லை, இன்றைக்கும் பார்ப்பதில்லை.

இங்கிலாந்துக்குள் நாய் போவதற்கு இன்னும் ஒரு நிபந்தனை இருந்தது. போய்ச் சேருவதற்கு முன், ஒரு நாளுக்குக் குறையாமலும் ஐந்து நாளுக்குக் கூடாமலும் நாடாப்புழு மாத்திரை கொடுத்து, அதை வைத்தியர் புத்தகத்தில் பதிய வேண்டும். வியாழக்கிழமை பின்னேரம் கொடுத்தோம். சனிக்கிழமை காலை புறப்பட்டோம். மகள் பின் இருக்கையில், நாய் அவள் மடியில் தலையை வைத்தபடி. கலே என்று எழுதிய முதல் பலகையைக் கண்டதும் என் கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. மனைவி கவனித்துவிட்டாள். "என்னப்பா, காரை நிப்பாட்டுவமோ?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

துறைமுகத்தில் நாய்களைப் பதிகிற இடத்தில் ஒரு பெண் இருந்தாள். சில்லை வாசிக்கிற கருவியை என்னிடம் தந்து கழுத்தில் பிடிக்கச் சொன்னாள். இலக்கம் சரியாக வந்தது. புத்தகத்தைப் புரட்டினாள். திரும்பவும் அதே பக்கத்தைப் பார்த்தாள்.

மாத்திரை கொடுத்த தேதி இருக்கிறது, நேரம் இல்லை என்றாள்.

எங்கள் வைத்தியர் நேரம் எழுத மறந்துவிட்டார். தொலைபேசி எடுத்துத் தருகிறேன், கேளுங்கள் என்றேன். புத்தகத்தில் எழுதியிருந்தால்தான் செல்லும், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மன்னிப்புக் கேட்டாள். அதே துறைமுகம். அதே மாதிரி ஒரு தடுப்பு. திருப்பி அனுப்பப் போகிறார்கள். பின் இருக்கையில் மகள் விசும்பத் தொடங்கினாள்.

அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வெளியே வந்தாள். ஒரு துண்டில் விலாசம் எழுதி, "இவரிடம் போங்கள். சனிக்கிழமை பிற்பகலும் திறந்திருப்பார். நான் இப்போதே எடுத்துச் சொல்கிறேன். மாத்திரை கொடுத்து ஒரு நாள் ஆன பிறகு, நாளைக்குப் பிற்பகல் வாருங்கள், உங்கள் பயணச்சீட்டையும் மாற்றி வைக்கிறேன்" என்றாள். அப்படியே மாற்றியும் வைத்தாள். பத்து வருடத்துக்கு முன்பு அதே ஊரில் என்னோடு ஒருவரும் இவ்வளவு நேரம் பேசவில்லை. அல்லது பேசியிருப்பார்கள், எனக்கு மொழி தெரிந்திருக்காது.

வைத்தியர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. எங்களைக் கண்டதும், "நீங்கள்தானா நேரம் தொலைத்தவர்கள்?" என்று சிரித்தார். மாத்திரையைப் பாலாடைக் கட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். தேதியும் நேரமும் எழுதிவிட்டு மகளிடம் காட்டி, "நீ ஒருமுறை வாசித்துப் பார், சரியா?" என்றார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். எங்கே தங்கப் போகிறீர்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். தன் வீட்டின் மேல்மாடியில் ஓர் அறை இருக்கிறது, மகன் படிக்கப் போய்விட்டான், நாயோடு அங்கேயே தங்கலாம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி எனக்கு முன்னால் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டாள். இந்த விஷயங்களில் அவள் எப்போதும் என்னைவிடக் கெட்டிக்காரி.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனோம். காற்று ஆளைத் தள்ளியது. தூரத்தில் கப்பல்கள் போய்வந்தன. மகளும் நாயும் அலை ஓரமாக ஓடினார்கள். நாய் அதற்கு முன் கடலைக் கண்டதில்லை. அலை வரும்போது பின்னுக்கு ஓடி, போகும்போது துரத்திக்கொண்டு போனது. நான் மணலில் இருந்தபடி மனைவிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஓடு ஏற்றிய லொறி, படங்கு, அந்த மூச்சுச் சத்தம்.

முடிந்த பிறகு, "அப்ப நான் நாயைக் கொண்டு வந்தண்டைக்கு ஏன் இதைச் சொல்லேல்லை? தெரிஞ்சிருந்தால் வைச்சிருக்க மாட்டன்" என்றாள்.

"அதுதான் நல்லதாப் போச்சு" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்தாள். காற்றில் அவளுடைய கம்பளிச் சால்வை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

பிற்பகல் துறைமுகத்தில், இரண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது. அதே பெண் இல்லை, வேறொருவர். புத்தகத்தைப் பார்த்துக் கண்ணாடியில் ஒட்டுகிற துண்டைத் தந்தார். பிறகு கார்களின் வரிசை. முன்னால் சில லொறிகள். ஒரு காவலர் நாயோடு வரிசை ஓரமாக வந்துகொண்டிருந்தார். கறுத்த நாய். ஒவ்வொரு லொறியின் சக்கரத்தடியிலும் மூக்கை வைத்து மோந்துகொண்டு வந்தது. கையில் கடவுச்சீட்டு இருக்கிறது, பயணச்சீட்டு இருக்கிறது, பக்கத்தில் மனைவி இருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடம்பு கேட்கவில்லை. எங்கள் நாயும் எழுந்து நின்று யன்னலால் பார்த்து உறுமத் தொடங்கியது.

பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது.

"குட்டி, பயப்பிடாதை. அவன் தன்ரை வேலையைச் செய்யிறான். எங்களை ஒண்டும் செய்யமாட்டான்."

நாய் படுத்துவிட்டது. காவலர் எங்கள் காரைக் கடக்கும்போது உள்ளே பார்த்து மகளுக்குக் கை காட்டினார். அவரும் அந்தக் கறுத்த நாயும் அடுத்த லொறிக்குப் போனார்கள். எந்த லொறியிலும் அது குரைக்கவில்லை. வரிசை நகரும் வரைக்கும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரைக்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன்.

கப்பலில் நாய் காருக்குள்ளேயே இருக்க வேண்டும், நாங்கள் மேலே போய்விட வேண்டும். அது எங்களுக்கு முன்பே தெரியும், மகளுக்கும் சொல்லி வைத்திருந்தோம். ஆனாலும் அந்த இரும்புத் தளத்தில் காரை நிறுத்தி, யன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கதவைச் சாத்தியபோது அவள் போகமாட்டேன் என்று நின்றாள். எனக்கும் போக மனமில்லை. பூட்டிய வண்டிக்குள், வெளிச்சம் இல்லாத இடத்தில், எங்கே போகிறோம் என்று தெரியாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் குளிர்ச்சட்டையைக் கழற்றி நாய்க்குப் பக்கத்தில் போட்டேன். மஞ்சள் அங்கி போட்ட கப்பல் பணியாளர் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒன்றரை மணித்தியாலம்தான். அநேகமான நாய்கள் நித்திரையாகிவிடும்" என்று மகளுக்குப் பிரெஞ்சில் சொன்னார். அவளும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினாள்.

மேல்தளத்தில் வெறும் கம்பளிச் சட்டையோடு நடுங்கியபடி டோவரின் வெள்ளைக் குன்றுகளைப் பார்த்தேன். கீழே இறங்க அறிவித்ததும் முதல் ஆளாக ஓடினோம். நாய் என் குளிர்ச்சட்டையின் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நித்திரை. கதவைத் திறந்ததும் கண்ணைத் திறந்து, வாலை இரண்டு தடவை இருக்கையில் அடித்தது.

இடப்பக்கம் ஓட்டத் தெரியாமல் பயந்து பயந்து ஓட்டி, லண்டன் ஈஸ்ட் ஹாமில் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது அக்கா ஊன்றுகோலோடு வெளியே நின்றார். இருபத்துநான்கு வருடம். நான் நினைத்திருந்ததைவிடக் கட்டையாக இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என் முகத்தைத் தடவிப் பார்த்தார். "வயிறு வைச்சிட்டுதடா உனக்கு" என்றார். பிறகு அழுதார்.

சாப்பாட்டு மேசை நிறைய இருந்தது. முருங்கைக்காய்க் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். "எல்லாம் நேற்றே வைச்சது. சூடாக்கினனான்" என்றார். ஒரு நாள் பிந்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒரு நாள் என்ன. அண்டைக்கும் நான் சமைச்சு வைச்சுக்கொண்டுதான் இருந்தனான். நீ லொறியிலை வாறாயெண்டு. மூண்டாம் நாள்தான் எடுத்துக் கொட்டினனான். அத்தான் தன்ரை பங்கைக் கூடச் சாப்பிடேல்லை, வரட்டுமெண்டு."

எனக்கு அது தெரியாது. பத்து வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் பேசியிருக்கிறோம். அக்கா இதைச் சொன்னதில்லை. நானும் அந்த நாயைப் பற்றிச் சொன்னதில்லை. அன்றைக்கு மேசையில் வைத்துச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, எங்கள் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "அண்டைக்கு அது குரைக்காட்டி இதுகள் எனக்கு வேற எங்கையால் கிடைச்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

நாய் பின் வளவுக் கொட்டிலில் ஒரே ஓர் இரவுதான் இருந்தது. அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது, மகளுக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே மகள் நாயோடு கதைக்கிற தமிழிலேயே அக்காவோடும் கதைத்தாள். "மாமி, இரு." "மாமி, வா." அக்காவுக்கு அது பெரிய பகிடி. இரண்டாம் நாள் காலையில் மகள், "மாமி, குட்டிக்கு அங்கை குளிருது" என்றாள். அக்கா ஒரு பழைய கம்பளத்தைக் கொண்டுவந்து சமையலறை வாசலில் விரித்தார். "இதுக்கு இங்காலை வரப்படாது" என்று நாயிடமே சொன்னார். நாய்க்குத் தமிழ் விளங்கியது. அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. "வேலையெண்டு வேறை ஊருக்குப் போன என்ரை பிள்ளையள் கூட இப்பிடிச் சொல்லுக் கேட்டதில்லை" என்றார் அக்கா.

ஒப்பரேசனுக்குப் பிறகு நடக்க வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லியும் அக்கா வாசலுக்கு அப்பால் போகாமல் இருந்தார். யாரோடு நடப்பது, எதற்கு நடப்பது என்று கேட்டாராம். நாயை வெளியே கொண்டுபோகும்போது மகள் ஊன்றுகோலையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். முதல் நாள் மூன்றாவது வீடு வரைக்கும். நாங்கள் புறப்படுகிற நாளன்று தெருமுனைக் கடைக்குப் போய்ப் பால் வாங்கிக்கொண்டு வந்தார்கள். நாய் இழுக்காமல் அக்காவின் நடைக்கு நடந்தது. நான் யன்னலால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது, கலே வைத்தியருக்கு என்று அக்கா தந்த முறுக்கும் பயற்றம் பணியாரமும் கொண்டுபோனோம். அவர் அன்றைக்கு லீவு. உதவிப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டு கிழமை கழித்து ஒரு தபாலட்டை வந்தது. நாயின் பேருக்கு எழுதியிருந்தார். பணியாரத்தை நானும் கணவரும் ஒரே நாளில் முடித்துவிட்டோம், அடுத்த முறையும் நேரத்தைத் தொலைத்துவிட்டு வரவும் என்று இருந்தது. மகள் அதை நாய்க்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லா வழிகளும் அடைபட்டன. அந்த ஐப்பசியில் ஒரு நாள் பிந்தியாவது போய்வந்தோமே என்று நானும் மனைவியும் அடிக்கடி சொல்லிக்கொள்வோம். அக்கா தனியாக இருந்த அந்த மாதங்களில் மகளோடு ஒவ்வொரு நாளும் காணொளியில் கதைத்தார். நாயையும் திரையில் காட்டச் சொல்லிக் கேட்பார்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணியில் அக்கா முதல் தடவையாக எங்களிடம் வந்தார், ரயிலில், ஊன்றுகோல் இல்லாமல். கோயில் தேர்த் திருவிழா அன்றைக்கு எல்லோருமாக லா சப்பலுக்குப் போனோம். வழக்கமாக நாயை வீட்டில் விட்டு மனைவியோ நானோ கூட இருப்போம். இந்தமுறை எல்லோரும் போகவேண்டும் என்று மகள் அடம்பிடித்து அதையும் கொண்டுவந்துவிட்டாள். கோயில் இருக்கிற ரூ பஜோல் தெருவை நெருங்கும்போதே மேளச் சத்தமும் தேங்காய் உடைக்கிற சத்தமும் சேர்ந்து கேட்டன. நாய் காதை மடித்துக்கொண்டு நடக்க மறுத்தது.

நான் நாயோடு நிற்கிறேன், நீங்கள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்றேன். அக்கா என் கையிலிருந்த நாயின் வாரைப் பிடுங்கி எடுத்தார்.

"நீ இவையைக் கூட்டிக்கொண்டு போ. நான் இவளோடை நிக்கிறன்."

"தேர் பாக்கத்தானே அக்கா வந்தனீங்கள்?"

"இஞ்சை நிண்டும் பாக்கலாம். போடா."

பக்கத்துத் தெருமுனையில், ஒரு மூடிய கடையின் படியில் அக்கா புதுச்சேலையோடு இருந்தார். நாய் அவருடைய காலடியில் சுருண்டது. கூட்டத்துக்குள் போய்த் திரும்பிப் பார்த்தேன். தேரின் உச்சி தெருவின் முனையில் தெரிந்ததும், அக்கா ஒரு கையால் நாயின் காதைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.